கார்டு மாற்றும் முன்

அன்புள்ள அப்பா,

மூச்சிரைப்பு குறைந்திருக்கிறதா? வெர்மான்டில் இந்நேரம் பனி விழுந்திருக்கும். இதயமாத்திரையை விடாமல் போடுங்கள்.

நான் இங்கே இடாஹோவில் நன்றாகத்தான் இருக்கிறேன். பித்தப்பையில் சின்னக் கல்லாம். வலி வந்ததும் ஆலையில் கூட வேலை பார்க்கும் வில்மா மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள். வரவேற்பில் இருந்த பெண் என் காப்பீட்டுக் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கார்டு நல்ல கார்டுதாம்மா. ஆனா இது வேற மாநிலத்துக் கம்பெனி. இந்தப் பக்கம் அவங்களோட சேர்ந்த டாக்டர் ஒருத்தர்கூட இல்ல. அவங்க ஊருக்குத்தான் போகணும்."

"வலியை மட்டும் தபால்ல அனுப்பலாமான்னு கேளுடி," என்றாள் வில்மா. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இன்னும் வலித்தது.

கடைசியில் ஒருநாள் முழுக்கக் காரோட்டி அவள்தான் அந்த மாநிலத்துக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டித் திரும்பக் கூட்டிவந்தாள். அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை அங்கேயே அறுவை சிகிச்சை. சின்னதுதான்.

எந்த மாநிலத்துக் கம்பெனியிலும் காப்பீடு வாங்கலாம் என்று வந்தபோது, "கடை நிறைய இருந்தா விலை எறங்கத்தானே செய்யும்," என்று போனில் சொன்னீர்களே. இறங்கியது உண்மைதான் அப்பா. உடம்புக்கு ஒன்றும் வராதவரை எனக்கும் அது லாபமாகத்தான் இருந்தது. நீங்களும் என்னைப் பார்த்து அதே கம்பெனிக்கு மாறப்போவதாகச் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. உங்கள் இதய டாக்டர் அந்தக் கார்டை எடுத்துக்கொள்வாரா என்று முதலில் கேளுங்கள். அதுவரை உங்கள் பழைய காப்பீட்டை நிறுத்தாதீர்கள்.

இடுப்பை இறுக்காத என் பழைய இரவு உடையை அனுப்பிவையுங்கள். ஆலைக்குப் போக வில்மா கீழே ஹாரன் அடிக்கிறாள். செவ்வாய் காலை மட்டும் எங்கேயும் போகாமல் போன் பக்கத்திலேயே இருங்கள் அப்பா. உள்ளே போவதற்கு முன் கூப்பிடுகிறேன்.

லெனோரா