ஐஸ் மட்டும்தான்

9/3 திங்கள், கிள்ளான்
காலையிலேயே வெயில் கொளுத்துகிறது. நான்காம் ஆண்டு அறிவியல்: நீரின் மூன்று நிலைகள். எடுத்துப் போக: கெட்டில், ஐஸ், அளவுக் குவளை, பழைய துண்டு. ஐஸ் உருகியதும் பிள்ளைகள் கைதட்டல்.

வீட்டில் இவர். டயாலிசிஸ் தொடங்கி எட்டு மாதம். ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான், நான்கு மணிக்கே பாட்டில் காலி. "ஒரு மடக்கு குடு லா. நாக்கு ஒட்டுது." எனக்கு மனசு கேட்கவில்லை. பாடத்துக்காக வாங்கிய ஐஸ் டிரே இருக்கிறதே. சனிக்கிழமையிலிருந்து தினம் இரண்டு டிரே. சப்பத்தானே செய்கிறார், குடிக்கவில்லையே. அரை லிட்டரைத் தாண்டவிடவில்லை என்று கொஞ்சம் பெருமைகூட.

10/3 செவ்வாய்
டயாலிசிஸ் மையம். எடை நான்கு கிலோ கூட. தாதியின் முகம் மாறிவிட்டது.

"அக்கா, தண்ணி அளந்துதானே குடுக்கிறீங்க?"

"அரை லிட்டர்தான் மிஸி. வேற ஒன்னும் இல்ல. ஐஸ் மட்டும்தான், ரெண்டு டிரே."

பேனாவைக் கீழே வைத்தாள். "ஐஸ் உருகினா என்னாக்கா ஆகும்? நீங்க என்ன வேல செய்றீங்க?"

"வீட்லதான் இருக்கேன்."

பத்தொன்பது வருடம் டீச்சர். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

உடம்பில் சேர்ந்த தண்ணீர் அவ்வளவையும் ஒரே தடவையில் எடுக்க முடியாதாம், இதயம் தாங்காது. பாதியை எடுத்துவிட்டு, மீதியோடு வீட்டுக்கு.

11/3 புதன்
மேகம், மழை இல்லை. விடிந்ததும் இவருக்கு மூச்சுத் திணறல். ஆம்புலன்ஸ். நுரையீரலில் தண்ணீர். நான் கொடுத்த தண்ணீர். ஆக்சிஜன் முகமூடிக்குள் ஆவி படிகிறது, மறைகிறது. படியக் கொஞ்சம் தாமதமானாலும் எனக்கு உயிர் போய் வருகிறது. பள்ளிக்கு விடுப்பு. காரணம் சொல்லவில்லை.

12/3 வியாழன்
இவருடைய சட்டை, டூத்பிரஷ், சார்ஜர் எடுக்க வீட்டுக்கு. ஃபிரீசரில் இரண்டு டிரே நிறைய ஐஸ். அளவுக் குவளையில் கொட்டி, உருகும்வரை நின்றேன். 480 மில்லி. திங்கட்கிழமையே அளந்திருக்கலாம்.

மேசையில் பயிற்சிப் புத்தகங்கள். கேள்வி 1: பனிக்கட்டி உருகினால் என்ன கிடைக்கும்? ஒரு பிள்ளைகூடத் தப்பு விடவில்லை. சிவப்புப் பேனாவை எடுத்தேன், வைத்துவிட்டேன்.

மதியம் வார்டு. இரண்டு நாள் போனால்தான் எதுவும் சொல்ல முடியுமாம். இவர் முகமூடியை விலக்கினார்.

"பயப்படாத. நீ ஸ்கூலுக்குப் போன நேரத்துல நானே எடுத்துத் தின்னேன்னு டாக்டர்கிட்ட சொல்லிட்டேன் லா."

கொஞ்ச நேரத்தில் டாக்டர் வந்தார். "மேடம், ஐஸ் விஷயம் உங்களுக்குத் தெரியவே தெரியாதா?"

தெரியாது என்று தலையாட்டினேன்.