மாப்பிள்ளை தொட்டியின் கல்

என் வீட்டுக்காரருக்கு,

முழங்கால் வீக்கம் வடிந்ததா? நான் சுகம். ஞாயிற்றுக்கிழமை இங்கே கூடத்தில் இருந்தவர்கள் மகள், மாப்பிள்ளை, பேத்தி, வளர்ப்பு மீன் கடைக்காரர், அப்புறம் போனில் நீங்கள். நீங்கள் பாதிதான் கேட்டீர்கள், மீதியைக் கேளுங்கள்.

மாப்பிள்ளை கண்ணாடித் தொட்டியில் உப்புத் தண்ணீர் ஊற்றி, கடல் கற்களை அடுக்கி, வாரக்கணக்கில் மீன் விடாமல் வைத்திருந்தார். கல்லெல்லாம் ஒரே பாசி. மீன் வருகிற நாளாயிற்றே என்று விடிந்ததும் நான் கற்களை எடுத்து, வெந்நீர் ஊற்றி, நார் போட்டுத் தேய்த்து, வெள்ளை வெளேரென்று திரும்ப அடுக்கினேன்.

கடைக்காரர் மீன் பையைக் கீழே வைக்கவே இல்லை. "கல்லுல இருக்கிற கிருமிதாம்மா தண்ணியைச் சுத்தம் பண்ணும். எல்லாத்தையும் கொன்னுட்டீங்களே! இப்ப மீனை விட்டா செத்துடும்" என்று திருப்பிக் கொண்டுபோய்விட்டார்.

"உன்னை யாரு பாட்டி கழுவச் சொன்னா?" என்று அழுத பேத்தி இன்னும் என்னோடு பேசவில்லை. அவளைப் பார்த்துக்கொள்ளத்தானே என்னை இவ்வளவு தூரம் அனுப்பினீர்கள்? பகலில் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவளும் பேசாவிட்டால் நான் சுவரோடா பேசுவது?

யாராவது வந்தால் என் பழைய போர்வையைக் கொடுத்துவிடுங்கள். துவைக்க வேண்டாம், அப்படியே அனுப்புங்கள்.

குக்கர் கத்துகிறது, முடிக்கிறேன். "சொல்லாதது என் தப்புதான் அத்தை" என்றார் மாப்பிள்ளை, அவரை விட்டுவிட்டேன். பேத்தி குழந்தை. ஆனால் அவள் தேம்பிக்கொண்டிருக்கும்போது, "உன் பாட்டி எங்க கல்யாணத்தன்னிக்கே என் புதுச் செருப்பைக் கழுவினவளாச்சே" என்று போனில் சிரித்தீர்களே. அது உங்கள் தம்பி செருப்பு. உங்களை மட்டும் மன்னிக்கவே மாட்டேன்.