பேசினவர்கள் பட்டியல்

அனேஹோ,
பிப்ரவரி 12, வியாழன் காலை.

அன்பு மகள் டெடேவுக்கு,

நான் நலம். அபிஜானில் நீயும் நலமாக இருப்பாய் என்றே நம்புகிறேன். பக்கத்து வீட்டு அக்பேசி நாளை விடியற்காலைப் பேருந்தில் அங்கே வருகிறாள். சனிக்கிழமை மாலை இந்தக் கடிதத்தை உன்னிடம் கொடுப்பாள். போனில் சொன்னால், சொல்ல வந்ததை விட்டுவிட்டு உனக்கு உத்தரவு போட ஆரம்பித்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் மறுபடி பாடம் நடத்துகிறேன். ஆங்கில ஆசிரியை பிரசவ விடுப்பில் போனதும் தலைமையாசிரியர் கொம்லான் வீடு தேடி வந்து, "மேடம், நீங்க நின்னாலே போதும், பிள்ளைங்க அடங்கிடும்" என்றார். எழுபத்தொரு வயதில் அந்தப் பேச்சுக்கு மயங்கிவிட்டேன். எண்பத்தேழு பிள்ளைகள், பெஞ்சுக்கு நால்வர். வீட்டில் மினா பேசுகிறார்கள், பள்ளியில் பிரெஞ்சு. ஆங்கிலத்தை இந்த வருஷம்தான் முதன்முதலாகக் கேட்கிறார்கள்.

நான் எப்போதும் செய்வதைத்தான் செய்தேன். நான் படித்த கன்னியர் மடத்துப் பள்ளியில் பாட வேளையில் பென்சில் விழுந்தால்கூடத் தலை திரும்பும். அந்த அமைதி எனக்கு வேண்டும். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பும்போது வகுப்புத் தலைவி செனாமே, பேசினவர்கள் பெயரை ஒரு தாளில் எழுதுவாள். மணி அடிக்கும் வரை அவர்கள் சுவரோரம் முட்டி போட வேண்டும். இந்த ஊரில் இதை யாரும் குறை சொன்னதில்லை.

போன வாரம் திங்கள் முதல் வியாழன் வரை பட்டியலில் முதல் பெயர் எஸ்ஸிவி. கடைசிப் பெஞ்சுப் பெண். நான்கு நாளும் முட்டி போட்டாள். ஏன் பேசினாய் என்று நான் கேட்கவில்லை. பட்டியல் இருந்தால் கேட்க என்ன இருக்கிறது? வெள்ளிக்கிழமை முதல் அவள் வரவில்லை.

செவ்வாயன்று சொல்வதெழுதுதல் வைத்தேன். கடைசிப் பெஞ்சிலிருந்து மூன்று வெள்ளைத் தாள்கள் வந்தன. முன்பெல்லாம் அந்த மூவரும் சுமாராக எழுதுவார்கள். ஏன் என்று அதட்டினேன். யாவா என்பவள் தரையைப் பார்த்துக்கொண்டு, "எங்களுக்குச் சொல்ற ஆளு வரல மேடம்" என்றாள்.

டெடே, எஸ்ஸிவி நான் சொன்ன ஒவ்வொரு வாக்கியத்தையும் அந்த மூவருக்கும் திரும்பச் சொல்லி, மினாவில் பொருளும் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். என் வேலையைச் செய்தவளை நான் முட்டி போட வைத்திருக்கிறேன்.

நேற்று மதியம் அவள் வீட்டுக்குப் போனேன். தாய் அயாவி சாலையோரம் கிழங்கு பொரித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கரண்டியை உயர்த்தி, "அடடே, மேடமா! உக்காருங்க, உக்காருங்க. இங்க தாராளமா பேசலாம், யாரும் பேரு எழுத மாட்டாங்க" என்றாள். வாங்க நின்றவர்கள் சிரித்தார்கள். நான் உட்கார்ந்தேன். வரும் திங்கட்கிழமை மகளைத் தையற்காரியிடம் வேலை பழகச் சேர்க்கப் போவதாகச் சொன்னாள். "படிச்சு முட்டி தேஞ்சது போதும். தைச்சு விரல் தேயட்டும்."

எஸ்ஸிவி கிழங்கு நறுக்கியபடியே இருந்தாள். அவளிடம் கேட்டேன், என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று. "சொன்னா அதுவும் பேசினதுதானே மேடம்?" என்றாள். பிறகு, கெட்ட செய்தி சொல்லும் பெரிய மனுஷி மாதிரி மெதுவாக, "உங்க குரலு நாலாவது வரிசையோட நின்னுடுது" என்றாள்.

இனிப் பட்டியல் கிடையாது என்று அத்தனை பேர் முன்னால் சொன்னேன். அயாவி யோசித்துவிட்டு, "திங்கக்கிழமை ஒரு நாள் வரட்டும். அன்னைக்கும் அழுதுகிட்டு வந்தா, மறுநாள் ஊசியும் நூலும்தான்" என்றாள்.

பள்ளி மணி அடிக்கிறது. போய்விட்டு வந்து தொடர்கிறேன்.

மதியம் ஒரு மணி.

இன்று பட்டியல் இல்லாத முதல் நாள். பக்கத்துப் பிள்ளையுடன் ஆங்கிலத்தில் பெயர் கேட்டுப் பழகுங்கள் என்றேன். ஐந்து நிமிடத்தில் ஆங்கிலம் மினா ஆயிற்று, மினா கூச்சல் ஆயிற்று. மேசையைத் தட்டினேன், யாருக்கும் கேட்கவில்லை. கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். முன்வரிசை முழுவதும் கூரையில் பல்லி இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்தது. செனாமே பரிதாபப்பட்டு, "மேடம், ஒரு தாள் கிழிக்கட்டுமா?" என்று கேட்டாள். சரி என்று நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. தலைமையாசிரியர் ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். முப்பத்தாறு வருஷத்தில் என் வகுப்பை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்ததிலிருந்து நாற்காலிகளை வரிசையாகப் போட்டு நடுவில் நடந்துகொண்டிருக்கிறேன். உன் அப்பா இருந்தால் சிரித்திருப்பார்.

இதை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன். இரண்டு வருஷம் முன்பு அபிஜானில் நீ பாடம் நடத்தும் வகுப்பில் அரைமணி உட்கார்ந்தேன். பிள்ளைகள் இருவர் இருவராக ஒரே நேரத்தில் பேசினார்கள். வெளியே வந்ததும் உன்னுடன் வேலை செய்பவர்கள் முன்னால், இது மீன்சந்தை என்றேன். நீ எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தாய்.

அன்று நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. நடுவில் நீ கையைத் தூக்கினாய். வாய் திறக்கவில்லை. பத்து எண்ணுவதற்குள் அத்தனை பேரும் தாமாகவே அடங்கினார்கள், கடைசிப் பெஞ்சு உட்பட. நான் பார்க்காதவள் போலக் கைப்பையைத் திறந்து மூக்குக்கண்ணாடியைத் தேடினேன். அது என் மூக்கிலேயே இருந்தது.

அதை எப்படிச் செய்தாய்? முதல் நாள் அவர்களிடம் என்ன சொன்னாய்? யாரை யாருடன் உட்கார வைத்தாய்? பேச்சு மினாவுக்குத் தாவும்போது தடுக்க வேண்டுமா, விட வேண்டுமா? எனக்குத் தெரியவில்லை, டெடே. திங்கள் காலை ஏழு மணிக்கு அந்தப் பெண் வந்து உட்காருவாள். எனக்கு ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது.

ஞாயிறு பூசை முடிந்து பத்து மணிக்கு வீட்டில் இருப்பேன். கூப்பிடு. நான் நோட்டும் பேனாவும் வைத்துக்கொண்டு கேட்கிறேன். நடுவில் குறுக்கிட்டால், கிழவி, சும்மா இரு என்று சொல்ல உனக்கு அனுமதி உண்டு.

தூக்கிய உன் கையை ஆண்டவர் ஆசீர்வதிக்கட்டும்.

உன் அம்மா,
விக்டோரின் அமெகான்