நான் நேராக்கிய கோடு

பிப்ரவரி 9, ஞாயிறு

"டீச்சர், இந்த வட்டத்தையெல்லாம் படிச்சு நான் என்ன கிழிக்கப் போறேன்?" இருபது ஆண்டுகளுக்கு முன் கடைசி வரிசையிலிருந்து இப்படிக் கேட்டவள் ரெனாட்டா குபிக். இன்று என் சமையலறையில் உட்கார்ந்து, "எங்க ரோலர் டெர்பி களத்துக்கு நீங்கதான் கோடு போட்டுத் தரணும்" என்கிறாள்! சக்கரக் காலணியில் நீள்வட்டக் களத்தைச் சுற்றி ஓடி, எதிரணியை முட்டித் தள்ளும் விளையாட்டாம். பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கிறாள். களத்தில் அவள் பெயர் 'பல்வலி'.

மூன்று ஆண்டுகளுக்கு முன் மளிகைக்கடை வாகன நிறுத்தத்தில் ஏழு பெண்கள் சக்கரக் காலணியோடு விழுந்து எழுந்தார்கள். இப்போது இருபத்தாறு பேர். கண்காட்சித் திடலின் மாட்டுக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்துவிட்டார்கள், சனிக்கிழமைகளுக்கு மட்டும். ஏப்ரலில் சொந்த ஊரில் முதல் போட்டி. களம் அளவு பிசகினால் அது தரவரிசையில் சேராது.

ஏப்ரல் 11, வெள்ளி

கயிற்றை வைத்து அதன்மேல் டேப் ஒட்டினேன். எல்லை காலில் தட்டுப்பட வேண்டுமாம். ரெனாட்டா தந்த களத்தின் வரைபடத்தில் வெளிக்கோடு உள்கோட்டுக்கு இணையாக இல்லை. யாரோ அவசரத்தில் வரைந்திருக்கிறார்கள். திருத்திவிட்டேன். எங்கே அளந்தாலும் பதினான்கு அடி. அழகு.

ஏப்ரல் 12, சனி

எப்படி எழுதுவேன் இதை?

எதிரணியோடு வந்த நடுவர், தாடிக்காரத் தபால்காரர், அளந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "யாருங்க போட்டது? வளைவுக்குள்ள நுழையிற எடத்துல பதினஞ்சு, வெளிய வர்ற எடத்துல பதிமூணு. அது கோணலாத்தான் இருக்கணும்! இதுல ஆடுனா கணக்குல சேராது."

பார்வையாளர்களுக்குக் கதவு திறக்க இன்னும் ஒன்றரை மணி நேரம்தான். இருபத்தாறு முகங்கள். மூன்று வருட உழைப்பு - என்னால், என்னால்தானே?

"நான்தான். தப்புன்னு நெனச்சு திருத்திட்டேன்."

ரெனாட்டா என்னையே பார்த்தாள். "முப்பத்தோரு வருஷம் சிவப்பு மையால திருத்துன கை. சும்மா இருக்குமா?"

கொட்டகையே சிரித்தது. அதற்குள் எதிரணிப் பெண்கள் மண்டியிட்டு டேப்பைக் கிழிக்க ஆரம்பித்துவிட்டார்கள். "முட்டிக் கவசம் எதுக்கு இருக்கு? நீங்க கயித்தப் புடிங்க டீச்சர்" என்றாள் ஒருத்தி. இன்னும் சற்று நேரத்தில் எங்களை முட்டித் தள்ளப் போகிறவள்! வெளி அரைவட்டங்களின் மையத்தை எதிரெதிராக ஓரடி நகர்த்தினேன். பன்னிரண்டு நிமிடம் மீதமிருக்க முடித்தோம்.

நானூறு பேர் வந்தார்கள். 141-168, தோற்றோம். கணக்கில் சேர்ந்தது! பிறகு இரு அணியும் ஒரே மேசையில், பீன்ஸும் இறைச்சியும் போட்ட சில்லிக் குழம்பும் இலவங்கப்பட்டை ரொட்டியும்.

ஏப்ரல் 13, ஞாயிறு

முழங்கால் மடங்கவில்லை. சிரிப்பும் அடங்கவில்லை.

அடுத்த ஆண்டு, மார்ச் 7, சனி

நாற்பத்தொரு பேர், இரண்டு அணி. காலையில் தபால்காரர் தொலைபேசியில்: "எங்களுக்குப் புது அரங்கம் கெடைச்சிருக்கு. நீங்கதான் வந்து கோடு போடணும். ஒருவாட்டி தப்புப் பண்ணவங்க கண்ணு மறுபடி ஏமாறாது."

கயிறும் சாக்பீஸும் பையில் ஏறிவிட்டன. கோடு ஏன் கோணல் என்று அங்கேயும் யாராவது கேட்பார்கள். கரும்பலகை வேண்டாம். இதைச் சொன்னால் போதும்: கட்டடத்தின் வெளிச்சுவரை ஒட்டியே வேகமாக நடந்து மூலையில் திரும்பு, பிறகு சுவரைவிட்டு இரண்டடி விலகி வந்து அதே மூலையில் திரும்பு. வேகம் குறையாமல் திரும்ப அந்த இரண்டடி வேண்டும்.