ஆண்டவரிடம் மட்டும்தான் சொன்னேன்

மார்ச் 4, புதன்

காலையில் மருமகள் பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் போனில் பேசப் போய்விட்டாள். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பொறுமை என்றால் இதுதான். சாயங்காலம் குடும்ப ஜெபத்தில் மட்டும், "ஆண்டவரே, இந்த வீட்டில் அடுப்பில் ஒன்றை வைத்தால் பக்கத்திலேயே நிற்கிற புத்தியைத் தாரும்" என்று கேட்டேன். பொதுவாகத்தான் கேட்டேன். மகன் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். ஜெபத்தில் கண்ணைத் திறக்கலாமா? நான் திறந்தது வேறு. யார் திறக்கிறார்கள் என்று பார்க்க ஒருவர் வேண்டாமா.

மார்ச் 6, வெள்ளி

பெண்கள் ஜெபக்கூட்டம். இன்று எனக்கு ஜெபம் நன்றாக வந்தது. ஐந்தாவதோடு பள்ளியை விட்டவள்தான் நான். ஆனால் ஜெபிக்க ஆரம்பித்தால் பட்டம் வாங்கினவர்களும் மூக்கை உறிஞ்சுவார்கள்.

மருமகளுக்காக உருகிவிட்டேன். மருந்துக் கடையில் வேலை அவளுக்கு. போன வாரம் ஒரு பெரியவருக்கு வேறு மாத்திரை அட்டையைக் கொடுத்துவிட்டாள். அவர் வாசல் தாண்டுமுன் இவளே ஓடிப்போய்த் திரும்ப வாங்கிவிட்டாள், கெடுதல் ஒன்றுமில்லை. ஆனாலும் வீட்டுக்கு வந்து மகனிடம் அழுதாள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியுமா? நடந்ததைச் சொல்லி, அவள் கண்ணுக்கும் கைக்கும் கவனம் கொடும் என்று மன்றாடினேன். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கண்ணாடிக்காரி இரண்டு தரம் சொன்னாள்.

மார்ச் 9, திங்கள்

கண்ணாடிக்காரி மருந்துக் கடைக்குப் போயிருக்கிறாள். முதலாளி பக்கத்தில் நிற்கும்போதே, "நல்லா பாத்துக் கொடும்மா. உன் மாமியார் பாவம், உனக்காக அழுது ஜெபிச்சாங்க" என்றாளாம். முதலாளி துருவித் துருவிக் கேட்டிருக்கிறார். இனிமேல் மருமகள் மருந்து எடுத்துக் கொடுக்கக் கூடாது, பின்னால் பெட்டி பிரித்து அடுக்கும் வேலைதான்.

அவள் என்னிடம் கத்தவில்லை. கத்தியிருந்தால் பதில் வைத்திருந்தேன். மகன்தான் கேட்டான். "நீ கடவுள்கிட்ட பேசலம்மா. அவரை முன்னால நிறுத்தி ஊருக்குப் பேசற." வேறு வீடு பார்க்கிறார்களாம்.

பார்க்கட்டுமே. நான் என்ன தெருவில் நின்றா சொன்னேன்? ஆண்டவரிடம் மட்டும்தான் சொன்னேன். சுற்றி இருந்தவர்களுக்குக் காது இருந்தால் அதுவும் என் குற்றமா?

மார்ச் 10, செவ்வாய்

மருமகள் ஜெபத்துக்கு வரவில்லை. தலைவலியாம்.

மார்ச் 11, புதன்

போதகர் வந்தார். மகன்தான் சொல்லி அனுப்பியிருப்பான். என் மகனைவிட இளையவர். பொறுமை, தாழ்மை என்று சுற்றி வளைத்துவிட்டுக் கடைசியில் சொல்கிறார், "கொஞ்ச நாளைக்கு நீங்க சத்தமா ஜெபிக்க வேண்டாம்மா. மத்தவங்க ஜெபிக்கட்டும். நீங்க கேளுங்க."

எனக்கா பொறுமை இல்லை? புருஷன் போனபின் ஒற்றை ஆளாக நின்று பிள்ளையை ஆளாக்கினவள். இவர் பிறக்குமுன்பே மண்டியிட்டு முட்டி தேய்ந்தவள். "வாயை மூடிக்கிட்டு இருக்கிறதுதான் தாழ்மைன்னா, ஐயா, உங்க கோயில் பெஞ்சைவிடத் தாழ்மையானது எதுவுமில்ல" என்றேன். அவர் சிரித்துவிட்டார். அதில்தான் இன்னும் எரிச்சல்.

சரி. மௌனம்தானே வேண்டும்? இந்தச் சபையில் என்னைப்போல் மௌனமாக இருக்க ஒருத்தரால் முடியாது என்று காட்டுகிறேன்.

மார்ச் 12, வியாழன்

மகன் ஜெபித்தான். நான் வாயைத் திறக்கவில்லை. மருமகள் வந்து உட்கார்ந்தாள். என் வாய் மூடினதும் அவள் தலைவலி போய்விட்டது.

மார்ச் 14, சனி

இதை எழுதக் கை வரவில்லை.

உருளைக்கிழங்கை வேகப்போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். தூங்கிப்போனேன். கண் திறந்தபோது வீடெல்லாம் புகை, பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். பாத்திரம் அடியோடு கருகிவிட்டது. அவர் போன கையோடு மருமகள் வேலையிலிருந்து வந்தாள். ஜன்னல்களைத் திறந்தாள். "உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே அத்தை?" என்றாள். பாத்திரத்தைத் தேய்க்க உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் ஜெபிப்பது அவள் முறை. ஒரு கண்ணைத் திறந்தே வைத்திருந்தேன். அடுப்பைப் பற்றி இப்போது வரும், வயசானவர்களைப் பற்றி வரும், அவளுக்கும் வாய் இருக்கிறது என்று காத்திருந்தேன். "ஆண்டவரே, இன்னிக்கு வீட்டுல எல்லாரும் நல்லா இருக்கோம். நன்றி. ஆமென்." அவ்வளவுதான். என் முட்டி மடங்குமுன் ஜெபம் முடிந்துவிட்டது.

மகன் வாசனை பிடித்துவிட்டு என்னவென்று கேட்டான். "அடுப்புல வெச்சது அடிப்பிடிச்சிருச்சு" என்றாள். யார் வைத்தது என்று சொல்லவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

சொல்லியிருக்கலாம் அவள். சொல்லியிருந்தால் அவள் ஒன்று, நான் ஒன்று என்று சரியாகப் போயிருக்கும். இப்போது நான் என்ன செய்வது? இப்படி ஒருத்தியை எப்படித்தான் எதிர்த்து நிற்பது?

மார்ச் 17, செவ்வாய்

சமையலறைக்குப் போய், "உன் விஷயத்தை நான் அங்க சொல்லியிருக்கக் கூடாது" என்றேன். மன்னிப்புக் கேட்கிற குரல் எனக்கு வருவதில்லை, அதட்டுகிற குரலில்தான் வந்தது. அவள் காய் நறுக்குவதை நிறுத்தாமல், "சரி அத்தை" என்றாள். சரியாம். எவ்வளவு நேரம் ஒத்திகை பார்த்துவிட்டுப் போனேன்.

மார்ச் 20, வெள்ளி

ஜெபக்கூட்டத்தில் கண்ணாடிக்காரி கேட்டாள், இன்றைக்கும் உங்கள் மருமகளுக்காக ஜெபிக்கலாமா என்று. "எனக்காக ஜெபிங்க. அடுப்பைப் பத்தவெச்சுட்டுத் தூங்கிட்டேன், வீடே போயிருக்கும். மருமகதான் காட்டிக்கொடுக்காம இருந்தா. அவ கதை என் வாயால உன் காதுக்கு வந்துச்சு, உன் வாயால முதலாளி காதுக்குப் போச்சு. இனி என் வாயை நான் பாத்துக்கறேன். உன் வாயை நீ பாத்துக்க" என்றேன். யாரும் ஆமென் சொல்லவில்லை. நானே சொல்லிக்கொண்டேன்.

மார்ச் 31, செவ்வாய்

மகன் ஒரு வீடு பார்த்துவிட்டு வந்தான். மருமகள் அடுத்த வருஷம் யோசிக்கலாம் என்றாள். அடுத்த வருஷமாம். அதையும் பார்த்துவிடுவோம்.

இன்னும் பெட்டி அடுக்கும் வேலைதான் அவளுக்கு. இன்று வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். கடையில் நடந்த ஒன்றைச் சொன்னாள். மகனிடம் இன்னும் சொல்லவில்லையாம். சொல்லிவிட்டு எழுந்து முகம் கழுவப் போனாள்.

என்ன சொன்னாள் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.