நடந்து காட்டச் சொல்கிறார்

காட்டுக்கொட்டாய்,
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் மலர்விழிக்கு,

அம்மா கமலா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தை பாரதியும் சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசாமல் ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போன் உன் அப்பாவின் சட்டைப் பையில் இருக்கிறது. நான் பேசும்போது ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார்.

மாற்றி வைத்த முட்டி நன்றாக இருக்கிறது. டாக்டர் சொன்னது அத்தனையும் சரி. சின்னதாகக் கிழித்ததால் தழும்பு ஒரு விரல் நீளத்துக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். அதன் வெளிப்பக்கம் மட்டும் மரத்த மாதிரி இருக்கிறது. ஆபரேஷன் முடிந்த மறுநாளே வாக்கரைப் பிடித்து நடந்தேனே, பக்கத்துக் கட்டில் ராணியம்மாள் வாயைப் பிளந்தாள். இப்போது கம்பு இல்லாமல் கிணற்று மேடு வரை போய் வருகிறேன்.

ஆறாவது வாரம் உன் அப்பா கள்ளக்குறிச்சிக்கு வந்தபோது நான் உன் வீட்டு மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தேன். "இன்னா, நல்லாத்தான் எறங்குற. இனிமே இங்க எதுக்கு? கெளம்பு" என்றார். நீ என் முகத்தைப் பார்த்தாய். நான் துணிப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மூன்று வருடம் முட்டியைச் சொல்லித்தானே உன்னோடு இருந்தேன். சொந்தக்காரர்கள் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அன்றைக்குச் சொல்வதற்கு வலியே இல்லை.

இங்கே யார் வந்தாலும் உன் அப்பா என்னை நடந்து காட்டச் சொல்கிறார். மரவள்ளி ஏற்ற வந்த லாரிக்காரர் முன்னாலும் நடந்தேன். "பாத்தீங்களா, புது முட்டி" என்று சிரிக்கிறார். அவர்கள் போனதும் அந்தச் சிரிப்பும் போய்விடும். மற்றதை நான் எழுத வேண்டாம். சின்ன வயதில் நீ கதவுக்குப் பின்னால் நின்று பார்த்ததுதான். வெளியே போகும்போது கேட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துப் போகிறார். நம் கொட்டாய் வீடு நிலத்தின் நடுவே தனியாக இருக்கிறது, ஊர் ஒரு மைல் தள்ளி. சத்தம் போட்டால் கல்வராயன் மலைக்குத்தான் கேட்கும்.

டாக்டர் சொன்ன பயிற்சியை மட்டும் விடவில்லை. காலையும் மாலையும் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்குகிறேன். இன்னும் எதற்கு என்று கேட்டார். "வுட்டா வெறைச்சிக்கும்ங்க" என்றேன். கால் எனக்கு வேண்டியிருக்கிறது, மலர்.

மூன்றாம் மாத செக்கப் இருபதாம் தேதி. "நல்லா நடக்குறவளுக்கு டாக்டர் எதுக்கு?" என்று சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டார். நீ பத்தொன்பதாம் தேதியே நேரில் வா. மாப்பிள்ளையையும் கூட்டி வா. அவர் முன்னால் உன் அப்பாவின் குரல் உயராது. இந்த வாரம் கிழங்கு பிடுங்க வந்த சின்னக்கண்ணு, கடிதத்தை இடுப்பில் செருகிக் கொண்டுபோய்த் தபாலில் போடுகிறேன் என்றாள். பதில் எழுதாதே.

நீ வந்து கேட்டால், அவர் பக்கத்தில் நின்றுகொண்டு, நன்றாக இருக்கிறேன், இங்கேயே இருந்துகொள்கிறேன் என்றுதான் நான் சொல்வேன். அதைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போய்விடாதே, கண்ணு.

நீ பிள்ளையோடும் புருஷனோடும் நூறு வருடம் நிம்மதியாக இருக்க வேண்டும்.

உன் அம்மா,
கமலா