வெனிலாவின் மார்க் ஷீட்டும் நான் போட்ட நாலு கையெழுத்தும்

2013 ஜூன் 12

இன்று என் பெயரை நான்கு இடத்தில் எழுதினேன். சவுரிராயன். திண்டிவனம் மல்லாட்டை மண்டியில் கடலை மூட்டை தூக்கிய காலமெல்லாம் கைநாட்டு வைத்தவன். இன்று மேசை, நாற்காலி, மேலே மின்விசிறி, கையில் பேனா.

பேத்தி வெனிலாவை விழுப்புரத்தில் ஒரு வருட நர்ஸ் உதவியாளர் படிப்பில் சேர்த்தோம். மகன் லாரியோடு நாசிக் போயிருக்கிறான். மருமகள் பாக்கியமேரிதான் கையெழுத்துப் போட வேண்டியது. "நான் போடுறேம்மா" என்று பேனாவை வாங்கிக்கொண்டேன். படிப்பு நடத்தும் கோதண்டபாணி எட்டிப் பார்த்து, "பெரியவரே, அச்சடிச்ச மாதிரி இருக்கு" என்றார். நான்காவது கையெழுத்து முதலாவதைவிட நன்றாக வந்தது. வெனிலாவின் பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட்டை அவர் உறையில் போட்டு உள்ளே வைத்தார். எங்களுக்கு ஒப்பந்தத்தின் நகல் கொடுத்தார்.

வெனிலா பேருந்தில் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்து வந்தாள்.

ஜூன் 13

அவளுக்கு ஆசை அரசாங்கம் நடத்தும் மூன்று வருடப் படிப்பு. அதை முடித்தால் நர்சிங் கவுன்சிலில் பெயர் பதிவாகும். விண்ணப்பம் போட்டிருக்கிறாள். மார்க் எல்லையில் நிற்கிறது. கிடைக்குமா?

மருமகள் இங்கே ஒரு கிளினிக்கில் ஆயா. அவள் சொல்வது வேறு. "பதினாலு வருஷமா நான்தான் ஊசி போடறேன். எவன் பதிவு நம்பர் கேட்டான்? ஒரு வருஷம் படிச்சிட்டு வேலைக்குப் போவட்டும் மாமா." அதுவும் சரியாகத்தான் படுகிறது.

ஜூலை 2

முதியோர் வகுப்பில் தையல்நாயகி டீச்சர் மறுபடியும் சொன்னார். "வாய்க்குள்ளயே படிங்க தாத்தா. தெருவே கேக்குது." முயன்றேன். சத்தம் இல்லாமல் எனக்கு எழுத்து நகர மாட்டேன் என்கிறது.

ஆகஸ்ட் 17

தபால் வந்தது. மூன்று வருடப் படிப்புக்குச் சென்னையில் கலந்தாய்வு. 28ஆம் தேதி. வெனிலா என்னிடம்தான் முதலில் நீட்டினாள். படித்துக்கொண்டே வந்தேன். 'அசல் சான்றிதழ்களுடன்' என்ற இடத்தில் விரல் நின்றுவிட்டது.

ஆகஸ்ட் 19

தாயும் மகளும் விழுப்புரம் போய் வெறும் கையோடு வந்தார்கள். மார்க் ஷீட்டைத் தர மாட்டாராம். கோதண்டபாணி கேட்டாராம்: "உங்க மாமனார் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காரே. படிச்சிட்டுத்தான போட்டாரு?"

மருமகள் சோற்றை வைத்துவிட்டுப் போனாள்.

படித்தேனா? இல்லை. எழுத்து கோணாமல் வர வேண்டும் என்று மட்டும் பார்த்தேன். வேறென்ன பார்த்தேன் — ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 20

நகலை எடுத்து உட்கார்ந்தேன். பொடி எழுத்து. ஐந்து வரி முடிந்தது. கண்ணில் நீர்.

ஆகஸ்ட் 21

ஒன்பதாவது வரி. படிப்பை இடையில் நிறுத்தினால் முழுக் கட்டணத்தையும் கட்டிய பிறகே அசல் சான்றிதழ்கள் தரப்படும். முழுக் கட்டணத்துக்கு எங்கே போவது? கீழே சவுரிராயன். அழகாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 23

பதினான்காவது வரி. மூன்று முறை படித்தேன். பிறகு மருமகளைக் கூப்பிட்டு அவளையும் படிக்கச் சொன்னேன். 'இப்படிப்பு நர்சிங் கவுன்சில் பதிவுக்கு உரியது அல்ல.'

அவள் படித்துவிட்டுச் சொன்னாள்: "ஆபீசருங்க சோதனைக்கு வந்தா, டாக்டரு என்னப் பின்பக்கம் போயி துணி காயப்போடச் சொல்லுவாரு மாமா. வீட்ல சொன்னதில்ல." தாளை என்னிடம் நீட்டி, "இவளும் காயப்போடணுமா?" என்றாள்.

இன்னும் ஐந்து நாள்.

ஆகஸ்ட் 26

காலையிலேயே மருமகளோடு விழுப்புரம் போனேன். கோதண்டபாணியின் முன் அறையில் ஆறேழு குடும்பம், பிள்ளைகளைச் சேர்க்க உட்கார்ந்திருந்தது. அவரிடம் மார்க் ஷீட்டைக் கெஞ்சித்தான் கேட்டேன்.

"கட்டணத்தக் கட்டிட்டு வாங்கினு போங்க. உங்க கையெழுத்துதான பெரியவரே?"

"என்னுதுதாங்க. என்னா எழுதியிருக்குன்னு இன்னும் முழுசா படிக்கல. இங்கியே குந்திப் படிச்சிட்டுச் சொல்றேன்."

உள்ளே போய்விட்டார். பெஞ்சில் உட்கார்ந்து முதல் வரியில் விரலை வைத்தேன். யோசனை எதுவும் செய்து போகவில்லை. கடைசி நான்கு வரி பாக்கி இருந்தது. அதில் ஏதாவது வழி இருக்கும் என்று நினைத்தேன். முதலிலிருந்து தொடங்கினால்தான் எனக்கு ஓடும்.

ஐந்தாவது வரியில் அறை அமைதியானது. ஒன்பதாவது வரியில் ஒருவர் தன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். பதினான்காவதில் திக்கினேன். பதி... வுக்கு...

கோலியனூரிலிருந்து வந்த ஒரு அம்மாள், "பதிவுக்கு என்னாங்கறாரு?" என்று கேட்டாள்.

"இரும்மா, அந்த வார்த்த இன்னும் வர்ல" என்றேன்.

கோதண்டபாணி ஓடி வந்தார். "உள்ள வாங்க பெரியவரே."

"வெளிச்சம் இங்கதான் நல்லா இருக்குங்க." உரி... யது... அல்ல.

கோலியனூர் அம்மாள் மகளின் மார்க் ஷீட் உறையை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள். கோதண்டபாணி மார்க் ஷீட்டைக் கொண்டுவந்து மருமகள் கையில் திணித்தார். "ஜல்தியா கெளம்புங்க. காலங்காத்தால பேஜாரு." பெற்றுக்கொண்டதற்கு ஒரு கையெழுத்து வேண்டும் என்றார்.

"படிச்சிட்டுப் போடறேன்" என்றேன். தலையில் கை வைத்துக்கொண்டார். இரண்டே வரிதான்.

ஆகஸ்ட் 28

விடியற்காலை வண்டியில் தாயும் மகளும் சென்னை போனார்கள். மார்க் ஷீட் மருமகளின் ஜாக்கெட்டுக்குள். மாலை மணி நாலு. இன்னும் போன் வரவில்லை. வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் ரோட்டில் பாடிக்கொண்டு போகிறார்கள். வாசலில் நின்று அவர்களுக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். காது போன் பக்கமே இருக்கிறது.

2017 ஆகஸ்ட் 9

நாளை காலையில் குடலிறக்க ஆபரேஷன். கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஆஸ்பத்திரி. வார்டு மேசையருகே வரிசையில் நிற்கும்போது சம்மதத் தாளைக் கொண்டுவந்து நீட்டினார்கள். பின்னால் நின்றவர், "எல்லாருக்கும் ஒரே ஃபாரம்தான் தாத்தா, போட்டுட்டு நவுருங்க" என்றார். தாள் கொண்டுவந்த நர்ஸ், "அவரு படிப்பாரு, இருங்க" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டாள். இருபத்திரண்டு வரி. எல்லாவற்றையும் படித்தேன். கையெழுத்துப் போட்டேன். வயதாகிவிட்டது, கொஞ்சம் கோணல்.

சாட்சி என்ற இடத்தில் நர்ஸ் கையெழுத்துப் போட்டாள். வெனிலா. அதன் கீழே தன் பதிவு எண்ணை எழுதினாள். மருமகள் தாளைக் கையில் வாங்கி, அந்த எண்ணின் மேல் விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தாள். வார்டு முழுக்கக் கேட்டது.